உழுது காட்டிய கொறங்காடு

எங்கள் கொறங்காட்டை அரசாங்கம் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்கு முன்பு அது நன்றாகத்தான் இருந்தது.

இதை நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே நக்கலாகக் கேட்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. தாலுகாவில் என்னைத் தூரத்தில் கண்டதுமே டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற அலுவலர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு அவர்கள் சாப்பாட்டுக்கே கிளம்பிப் போகட்டும்.

பரமத்தி வேலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வெற்றிலையும் வாழையும் கரும்பும் காவிரியும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் ஆற்றோரம். நாமக்கல் பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் வந்து, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் இறங்கினால் அதுதான் எங்கள் ஊர். இங்கே காடு என்றால் வனம் இல்லை, வானம் பார்த்த நிலம். அதில் ஆடு மாடு மேய்வதற்கென்றே புல்லாக விட்டு வைத்திருப்பது கொறங்காடு. நாலு புறமும் கிளுவை முள்ளால் உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரங்கள். தாழ்வான மூலையில் ஒரு குட்டை. காலையில் படலைத் திறந்து செம்மறிகளை உள்ளே விட்டு மூடிவிட வேண்டியது, சாயங்காலம் திறந்து பட்டிக்கு ஓட்டிவர வேண்டியது. இடையில் ஆள் வேண்டாம். கோடையில் புல் காய்ந்தால் வேல மரம் காயை உதிர்க்கும், ஆடு அதைப் பொறுக்கித் தின்று தாக்குப்பிடிக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் செத்ததுபோல் கிடந்த தூரெல்லாம் மறுபடியும் துளிர்க்கும். விதை கிடையாது, மூட்டை உரம் கிடையாது, கரண்டு கிடையாது. இது விவசாயம் இல்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிற கறிக்குழம்பு எங்கே விளைந்தது என்று கேட்பேன்.

நான் பிறந்தது நாமகிரிப்பேட்டைப் பக்கம். மஞ்சளும் மரவள்ளியுமாகத் தண்ணீர் கட்டிப் பழகிய குடும்பம். வாக்கப்பட்டு இங்கே வந்த புதிதில் எனக்கும் இந்தக் காடு சும்மா கிடப்பதாகத்தான் பட்டது. ஒரு வருஷம் கூட இருந்து பார்த்தேன், புரிந்துவிட்டது. டீச்சர் ட்ரெயினிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வந்தவளுக்கு ஒரு வருஷத்தில் புரிந்த விஷயம், நிலம் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பணி ஓய்வு வரைக்கும் புரிவதில்லை. பென்ஷன் மட்டும் சரியாக வந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். இடுப்பு போன பிறகு அவரால் ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியவில்லை, நெடுந்தூரம் நடக்கவும் முடியவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் உலை கொதிப்பது ஆட்டை நம்பித்தான். ஆடு இருப்பது புல்லை நம்பி. இவ்வளவுதான் எங்கள் கணக்கு, இதில் ஒன்று போனால் எல்லாம் போகும்.

காடு எங்களுக்கும் என் கொழுந்தனாருக்கும் பொதுவில் இருந்தது. மாமனார் காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா. பாதிப் பாதி என்று வாயால் பிரித்துக்கொண்டார்கள், வேலியை யாரும் பிரிக்கவில்லை. கொழுந்தனார் படித்து வேலைக்குப் போய் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். அவர் பாதியிலும் எங்கள் ஆடுதான் மேய்ந்தது. பொங்கலுக்கு ஒரு கிடா அனுப்பிவிடுவோம், அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை. குட்டையும் நல்ல மரங்களும் இருந்தது அவர் பாதியில்தான்.

ஒரு நாள் அவர் வெள்ளைக் காரில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் மனை போட்டு விற்கிறவர். படலுக்கு வெளியே நின்றபடியே எங்கள் காட்டை சைட் சைட் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குட்டையை மூடினால் பூங்காவுக்கு இடம் ஆகும், முன்னால் ஒரு பிள்ளையார் கோயில் கட்டிவிட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். கொழுந்தனாருக்குப் பெண்ணை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும். தன் பாதியை விற்கப்போவதாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பேசினேன். குட்டையை மூடிவிட்டால் ஆடு எதைக் குடிக்கும் என்றேன். காரில் வந்தவர் சிரித்தபடி, வீடுகள் வந்துவிட்டால் நீங்களும் உங்கள் பாதியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்றார். நான் உட்கார்ந்தால் என் வீட்டில் உலை ஏறாது என்று அவருக்கு எப்படித் தெரியும். அவருடைய செருப்பு முழுக்கக் கிளுவை முள் குத்தட்டும் என்று மனதார நினைத்தேன்.

அந்தப் பாதியை நாங்களே வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. தம்பி மேல் கேஸ் போட என் வீட்டுக்காரருக்கு மனசும் இல்லை. அப்போதுதான் பரமத்தி வேலூரில் ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்கு ஒரு விஷயம் சொன்னார். விவசாய நிலத்தை மனையாக மாற்ற வேண்டுமானால் வேளாண்மைத் துறை ஆட்சேபம் இல்லை என்று சான்று தர வேண்டுமாம். அவர்கள் மறுத்தால் மனை போட முடியாதாம். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்காகவும் அரசாங்கம் ஒரு கதவு வைத்திருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் எங்கள் ஊர் மணியகாரரிடம் போனேன். கிராம நிர்வாக அலுவலர் என்பது போர்டில் இருக்கிற பேர், நாங்கள் கூப்பிடுவது மணியகாரர் என்றுதான். எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் நிற்கிறது என்று வருஷா வருஷம் அடங்கலில் எழுத வேண்டியது அவர் வேலை. எங்கள் காட்டுக்கு நேராகத் தரிசு என்று இருந்தது. அதற்கு முந்தைய வருஷமும் தரிசு. மாமனார் காலத்திலிருந்தே தரிசு. ஆடு மேய்கிற காட்டை எப்படித் தரிசு என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன என்னத்தங்க எழுதறது? அதுல பயிரு பேரு கேக்குது. புல்லுன்னு எழுத எடமில்லீங்க" என்றார்.

ஒரு தடவையாவது வந்து பார்த்தீர்களா என்றேன். தரிசைப் போய் என்னத்தைப் பார்ப்பது என்றார். அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பார்க்காததால் தரிசு, தரிசு என்பதால் பார்க்கத் தேவையில்லை.

அங்கிருந்து எங்கள் ஊர் எல்லையில் ரோட்டு மேலேயே இருக்கிற வேளாண்மை ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த அலுவலர் தெற்கத்திச் சீமைக்காரர், மாற்றலாகி வந்தவர். நெல் தெரியும், வாழை தெரியும். கொறங்காடு என்ற வார்த்தையை நான் சொல்லித்தான் கேட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மேய்ச்சல் சம்பந்தப்பட்டது, கால்நடைத் துறையைப் பாருங்கள் என்றார். அடுத்த நாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். இந்தப் புல்லின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது, அதைப் பற்றி எனக்கே ஒரு பாடம் எடுத்தார். அப்படியானால் அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"ஆடு எங்க துறைங்கம்மா. ஆடு நிக்கற நெலம் எங்க துறை இல்லீங்க" என்றார்.

இப்படியே அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. தாலுகா ஆபீஸில் அடங்கலைக் காட்டு என்றார்கள். அடங்கலில் தரிசு. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுத்த மனு, சுற்றிச் சுற்றி அதே மணியகாரரிடம் விசாரணைக்கு வந்தது. மனுதாரர் குறிப்பிடும் நிலம் தரிசு என்று அவரே பதில் எழுதி அனுப்பினார். எனக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் காலையில் அவர் வண்டியில் எதிரே வந்து, நல்லாயிருக்கறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு என் மேல் எந்த விரோதமும் இல்லை. விரோதம் இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

கடைசியில் அந்தத் தெற்கத்தி அலுவலர்தான் வழி சொன்னார். நான் மறுபடியும் போய் அவர் மேஜை முன்னால் நின்றபோது கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். உள்ளபடிக்கே நல்ல மனுஷர். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்.

"பங்குனில இந்தச் சான்று விஷயமா மூணு துறையும் கூட்டாய்வுக்கு வருவோம்மா. அன்னைக்கு அந்த சர்வே நம்பர்ல ஒரு பயிர் நின்னா, சாகுபடி நிலம், சான்று தரக்கூடாதுன்னு நான் எழுதிடுவேன். நிக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

புல் நிற்கிறதே என்றேன். புல் பயிர் இல்லை என்றார். அதுவும் பங்குனியில் எங்கள் புல்லைப் பார்த்தால் யாரும் புல் என்றே சொல்ல மாட்டார்கள், தரையோடு தரையாக வெளுத்துக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வந்து பாருங்கள், முழங்கால் உயரம் நிற்கும் என்று சொன்னேன். ஆய்வுக்கு மாதம் குறிப்பது மேலே இருப்பவர்கள் என்றார். மேலே இருப்பவர்களுக்கு மழை எந்த மாதம் பெய்கிறது என்று யாராவது எழுதிப் போட்டால் தேவலை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொறங்காட்டை உழுவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில வருஷத்துக்கு ஒரு தரம், நல்ல மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, மாட்டு ஏரால் மேலாகக் கீறிச் சோளமோ நரிப்பயறோ தெளிப்பது உண்டு. தூர் அசையாது, மண் இளகிப் புல் அடுத்த வருஷம் இன்னும் தளதளவென்று வரும். ஆனால் நாங்கள் உழ வேண்டியிருந்தது தை மாதத்தில். மண் காறையாக இறுகிக் கிடந்தது. ஏர் மாடு ஊரில் யாரிடமும் இல்லை. ரொட்டவேட்டர் மாட்டிய டிராக்டரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அது கீறாது, அரைக்கும்.

"காடு போறதுக்கு புல்லு போகட்டும். புல்லு மறுக்கா வந்துரும் புள்ள" என்றார் வீட்டுக்காரர் மூன்றாம் நாள். நானும் சரி என்றேன். இதில் தப்பு உங்களுடையதுதானே என்று பின்னால் சிலர் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டச் சொன்னால், ஆட்டியவன் மேல் குற்றமா.

சர்வே நம்பர் ஒன்றுதான் என்பதால் இரண்டு பாதியையும் சேர்த்து உழுதாக வேண்டும். டிராக்டர் ஓட்டி வந்தவர் படல் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, நல்ல காடாச்சே, எதுக்குங்க இதை இப்படிப் பண்றீங்க என்று கேட்டார். ஆபீஸர் சொன்னார் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வண்டி உள்ளே போனது. தூர்கள் வேரோடு பிய்ந்து புழுதியோடு மேலே பறந்தன. வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்த ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன, அவற்றுக்கு உள்ளே போகிற நேரம் அது. வீட்டுக்காரர் வேல மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆய்வுக் குழு மொத்தத்தையும் டிராக்டருக்கு முன்னால் நிறுத்தி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்து, பயிர் காட்ட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர்வெல்லிலிருந்து ஹோஸ் இழுத்து, தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரே கட்டாத காட்டில் தண்ணீர் பாய்ச்சினோம். சோளம் முளைத்தது. படலிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம் மட்டும் முழங்கால் உயரம் வந்தது. குட்டைப் பக்கம் கட்டிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. அந்த மாதங்களில் ஆடுகளைப் பக்கத்துக் காடுகளில் காலில் விழாத குறையாகக் கேட்டு மேய்த்தேன்.

பங்குனியில் ஜீப் வந்தது. மூன்று துறைக்காரர்களும் இறங்கினார்கள். இவர்கள் ஒன்றாக ஒரு இடத்துக்கு வர முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படலுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள், ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஒருத்தர், சோளம் பின்னால் தெரியத் தன்னையே செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மணியகாரர் அடங்கலில் சோளம் என்று எழுதினார். மாமனார் காலத்திலிருந்து எங்கள் காட்டுக்குக் கிடைக்காத ஒரு பேர் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் மட்டும் மண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு, இங்கே கொழுக்கட்டைப் புல் இருந்திருக்கும் போலிருக்கிறதே என்றார். இருந்தது என்றேன்.

சில வாரத்தில் தாள் வந்தது. நிலம் சாகுபடியில் உள்ளதால் மனைப் பிரிவாக மாற்ற ஆட்சேபம் தெரிவிக்கப்படுகிறது. வெள்ளைக் கார்க்காரர் கொழுந்தனாரிடம் கொடுத்திருந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளையார் எங்கே போனாரோ தெரியவில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு நான் பெரிய ஆள். வீட்டுக்காரர் வேலூரிலிருந்து அல்வாவும் மிக்சரும் வாங்கி வந்தார், தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம்.

சோளத் தட்டு வெயிலில் காய்ந்து, ஆடு தின்று, தீர்ந்தது. வேலங்காய் கோடையை ஓட்டியது. ஐப்பசிக்காகக் காத்திருந்தோம். மழையும் குறையில்லாமல் பெய்தது. நான் தினமும் காலையில் படலைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். பச்சை வந்தது. குனிந்து பார்த்தால் பார்த்தீனியம். அதற்கு நடுவே சீமைக் கருவேலங் கன்று. ஆடு வாய் வைக்காத செடிகள் எதெது உண்டோ அதெல்லாம் வந்தது. கொழுக்கட்டைத் தூர் வேலியோரத்தில், டிராக்டர் திரும்ப முடியாத மூலைகளில் மட்டும் துளிர்த்தது. கார்த்திகையிலும் அப்படித்தான். மார்கழியில் நான் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆட்டில் பாதியைச் சந்தைக்கு ஏற்றினோம். மீதியை நான் ரோட்டோரமாக ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். படலைச் சாத்திவிட்டு வீட்டு வேலை பார்த்தவள், இந்த வயதில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்டின் பின்னால் நடக்கிறேன். அவரால் நடக்க முடியாது, வேறு யாரும் இல்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் ஆடு மிரண்டு நடு ரோட்டுக்கு ஓடும். ஒரு சினையாட்டை டிப்பர் அடித்துப்போட்டது. வண்டி நிற்கக்கூட இல்லை. ரத்தத்தின் மேல் மண் தள்ளிவிட்டு மற்றதை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

விவசாய நிலத்தை அரசாங்கம் எப்படிப் பாதுகாக்கலாம் என்று வேளாண்மை ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதிப்போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளட்டும். அந்த மூன்று பேரும் பங்குனியில் ஏறிய அதே ஜீப்பில் ஐப்பசியில் ஒருமுறை ஏறியிருக்கலாம். அடங்கலில் புல்லுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கலாம். ஆடு ஒரு துறை, அதன் காலடி மண் இன்னொரு துறை என்று பிரித்தவர்கள் ஒரு நாள் ஆட்டின் பின்னால் நடந்து பார்த்திருக்கலாம். இதற்கெல்லாம் புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை. இருக்கிற சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் படலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அடுத்த தைப்பொங்கல் நோன்புக்குக் கொழுந்தனார் வந்திருந்தார். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலுக்கு வந்தவர் என்ன நினைத்தாரோ, காட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் படிப்பு நின்றுபோனதைச் சொல்லிச் சத்தம் போடுவார் என்று நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"அண்ணி, நான் வித்திருந்தாக்கூட உங்க பாதியில புல்லு இருந்திருக்குமுங்க" என்றார்.

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

போன ஆவணியில் ஊரில் தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். மேய்ச்சல் நிலங்களை மீட்க அரசாங்கம் கொழுக்கட்டைப் புல் விதை இலவசமாகக் கொடுக்கிறது, வேளாண்மை ஆபீஸில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. இந்த அறிவு இரண்டு வருஷம் முன்னால் எங்கே போயிருந்தது என்று திட்டிக்கொண்டேதான் போனேன். ஆனாலும் போனேன். வேலியோரத்தில் பிழைத்திருக்கிற தூரோடு இந்த விதையும் சேர்ந்தால் நாலைந்து மழையில் காடு திரும்பிவிடும் என்று ஒரு ஆசை. ஆடுகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை என்பதால் அவற்றையும் ஓட்டிக்கொண்டே போய் ஆபீஸ் வாசலில் ரோட்டோரம் நிறுத்தினேன்.

உள்ளே அதே தெற்கத்தி அலுவலர். என்னை நினைவு வைத்திருந்தார், உட்காரச் சொன்னார். விதைப் பைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. சர்வே நம்பரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"உங்க நிலத்துல சோளம்னு இருக்கேம்மா. இது தரிசு மேய்ச்சலுக்கு மட்டும்தான். சாகுபடி நிலத்துக்குக் கிடையாது" என்றார்.

அந்தச் சோளம் யார் சொல்லி விதைத்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்கே முகம் கறுத்துவிட்டது, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பேனாவைத் திறந்து மூடினார். நான் எழுந்து வெளியே வந்தேன்.

ஆபீஸைச் சுற்றிக் கம்பிவேலி. ஜீப் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் பெரிய காலியிடம். கட்டடம் கட்ட ஒதுக்கி, கட்டாமலே விட்டது. இத்தனை தடவை வந்து போயும் நான் முன்பக்கத்தைத் தாண்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஆடுகள் எல்லாம் கம்பிக்குள் முகத்தை நுழைத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. நானும் பார்த்தேன். கொழுக்கட்டைப் புல். ஆனி ஆடியில் விழுந்த மழைக்கு முழங்காலுக்கு மேல் வளர்ந்து கதிர் விட்டு நின்றது. டிராக்டர் ஏறாத மண், ஆடு நுழையாத வேலி. இந்தத் துறை ஒழுங்காகக் காப்பாற்றி வைத்திருக்கிற நிலம் எங்கள் ஊரில் இது ஒன்றுதான்.

கேட்டைத் திறந்தேன். சொல்லவே வேண்டியதில்லை, ஆடுகள் தாமாக உள்ளே போயின. வாட்ச்மேன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். சத்தம் கேட்டு அலுவலரும் வெளியே வந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க? இது கவர்மெண்ட் இடம்" என்றார்.

"வெள்ளாமை ஒண்ணும் நிக்கலீங்களே சார். தரிசுதானுங்களே" என்றேன்.

அவர் புல்லைப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனைப் பார்த்து விடு என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். நான் கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். சாயங்காலம் வந்து திறந்துவிட்டால் போதும், அதுவரைக்கும் பின்னாலேயே நடக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.